ஒஹிய வரைக்கும் ஒரு விசேட கோச்சி

பெப்ரவரி 19, திங்கள்

காலையில் ஸ்டேஷனில் இருந்து அழைப்பு. ஒஹியவுக்கும் இதல்கஸ்ஹின்னவுக்கும் இடையில் ரயில் பாதையை மூடப்போகிறார்களாம். பழைய சிலிப்பர் கட்டைகளைக் கழற்றிப் புதியவை போடுவதும், சரிந்த மண்மேட்டுக்குத் தடுப்புச் சுவர் கட்டுவதும் ஒரே சமயத்தில் நடக்கும். மார்ச் மாதம் முழுவதும் அந்தத் துண்டில் பயணிகள் வண்டி ஓடாது. எங்கள் விசேட கோச்சி மார்ச் 16ஆம் திகதி அட்டனில் இருந்து பதுளைக்குப் போய்த் திரும்ப வேண்டியது.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர்கள் எல்லாரும் காசு போட்டு ஒரு பவர் செட்டை (எஞ்ஜினும் பெட்டிகளும் ஒன்றாகச் சேர்ந்த டீசல் வண்டி) முழுதாக வாடகைக்கு எடுத்திருக்கிறோம். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள்தான் விருந்தாளிகள். முற்பணம் கட்டியாகிவிட்டது, தொப்பி கூட அச்சடித்தாகிவிட்டது. தொப்பியில் ‘அட்டன் - பதுளை’ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது.

வேலை வேண்டாம் என்று சொல்ல முடியாது. மலையகப் பாதையில் கடுமையான இடங்களில் 44 அடி போனால் ஓர் அடி ஏற்றம், வளைவுகளின் ஆரம் 100 மீட்டர்தான். ஒவ்வொரு வண்டியும் தண்டவாளத்தின் பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே திரும்புகிறது. மழைக்குச் சல்லிக்கல்லுக்குள் சேறு ஏறினால் தண்ணீர் வடியாது. கட்டை ஊறி உளுத்துப் போகும், ஆணி பிடிக்காது, இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் இடைவெளி விரியும். அப்புறம் சக்கரம் கீழே இறங்கிவிடும். மழை குறைந்த இந்த இரண்டு மூன்று மாதத்தில் செய்யாவிட்டால் வேறு எப்போது செய்வது?

இப்போதைக்குப் பொருளாளர் அக்காவிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன்.

பெப்ரவரி 21, புதன்

அக்காவிடம் சொன்னது அன்றிரவே எல்லாருக்கும் போய்விட்டது. வட்ஸ்அப் குழுவில் இரண்டு கட்சி.

இளையவர்களுக்குத் தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம் இல்லாவிட்டால் பயணமே வேண்டாம். 1921இல் கட்டியது, இரும்பே இல்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும்தான் என்று பாடமாகச் சொல்கிறார்கள். அதைத் தாண்டினால் தெமோதரை ஸ்டேஷன். பாதை வளைந்து சுற்றி வந்து அதே ஸ்டேஷனுக்குக் கீழே இருக்கும் சுரங்கத்துக்குள் நுழையும். அதை வீடியோ எடுக்க ஒரு தம்பி டிரோன் கொண்டுவருவதாக இருந்தான்.

பெரியவர்களுக்குப் பாலம் பெரிய விஷயமில்லை. பட்டிப்பொலைக்கு மேலே பாதையின் உச்சியில் இருக்கும் அந்த உயரப் பலகையைப் பார்க்கவேண்டும் என்பதுதான் அதிபர் சேரின் ஆசை. எத்தனையோ தடவை அதைத் தாண்டிப் போயிருக்கிறாராம், ஒரு தடவையும் வண்டி அங்கே நின்றதில்லை.

தள்ளிப்போடலாம் என்று சிலர். ஏப்ரலில் புத்தாண்டு, அதற்குப் பிறகு இந்தப் பக்கம் மழை இறங்கிவிடும். வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் மார்ச்சுக்கே டிக்கெட் போட்டுவிட்டார்கள். தள்ளிப்போட்டால் இந்த வருஷம் நடக்காது.

பெப்ரவரி 24, சனி

பஸ் பார்க்கப் போனேன். நானுஓயா வரை கோச்சி, அங்கிருந்து பஸ்ஸில் நுவரெலியா, ஹக்கல, வெலிமடை வழியாகப் பண்டாரவளை, மறுபடி கோச்சியில் பதுளை. யோசனை கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் இது சிவனொளிபாதமலை யாத்திரை சீசன். டிசம்பர் போயாவில் தொடங்கினால் வெசாக் வரை சனி ஞாயிறுகளில் அட்டன் டவுனில் ஓடுகிற வாகனம் எல்லாம் மலையடிவாரத்து நல்லதண்ணிக்குத்தான். மூன்று பஸ் கேட்டேன், ஒருவர் சிரித்தே விட்டார். இன்னொருவர் ஒரு பஸ் தருவதாகச் சொல்லி ஒரு விலை சொன்னார். அந்த விலைக்கு இன்னொரு பவர் செட் எடுக்கலாம்.

பஸ் கிடைத்தாலும் எனக்கு மனமில்லை. எழுபது தாண்டிய டீச்சர்மாரை வெலிமடை வளைவுகளில் பஸ்ஸில் குலுக்கிக்கொண்டு போய், வாந்தி எடுக்கவைத்து, மறுபடியும் கோச்சியில் ஏற்றுவதா? அதற்குப் பெயர் விசேட ரயில் பயணமா?

பெப்ரவரி 27, செவ்வாய்

பாடசாலை விட்டதும் ஸ்டேஷனுக்குப் போனேன். ஸ்டேஷன் மாஸ்டர் பிளேன் டீ வரவழைத்து, ஒரு பழைய நேர அட்டவணையை மேசையில் விரித்தார்.

றம்புக்கனைக்கு மேலே ஒற்றைப் பாதை. இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் ஒரே நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம், அதற்கு அடையாளமாக டிரைவர் கையில் டெப்லட் இருக்கவேண்டும். பிரம்பு வளையத்தில் தொங்கும் தோல் பை, அதற்குள் ஓர் உலோக வில்லை. அது ஸ்டேஷன் மெஷினை விட்டு வெளியே வந்துவிட்டால் இன்னொன்றை எடுக்க முடியாது. அதனால் விசேட வண்டி என்றால் எல்லாருக்கும் தலையிடி. எதிரே வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் ஏதாவது ஒரு ஸ்டேஷனில் ஒதுங்கவேண்டும். எங்கள் பழைய திட்டத்தில் உச்சியில் நிற்க இடமே இல்லாததற்குக் காரணம் இதுதான்.

“இப்ப கதை வேற டீச்சர்,” என்றார். பாதை மூடினால் கொழும்பில் இருந்து வருகிற வண்டிகள் நானுஓயாவோடு நின்றுவிடும். அந்தப் பக்கம் பதுளைக்கும் அப்புத்தளைக்கும் இடையில் தனியாக ஒரு வண்டி ஓடும். அப்படியானால் நானுஓயாவில் இருந்து ஒஹிய வரை? வேலைக்காரர்கள் சல்லிக்கல் ஏற்றும் சல்லி வண்டி போய்வரும், வேறொன்றும் இல்லை. “மேல அனுமதி கேட்டா உச்சியில கால் மணித்தியாலம் நிக்கலாம். சாதாரண நாள்ல கனவுலயும் நடக்காது.”

பவர் செட்டுக்கு இரண்டு பக்கமும் டிரைவர் அறை இருப்பதால் ஒஹியவில் எஞ்ஜினைக் கழற்றி முன்னால் கொண்டுவரும் வேலையும் இல்லை. டிரைவர் நடந்து மறுபக்கம் போனால் போதும்.

டீ ஆறிப்போனது. அட்டன் - ஒஹிய - அட்டன் என்று அங்கேயே கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 3, ஞாயிறு

கூட்டம். பாலக் கட்சி சத்தம் போட்டது. காசைத் திருப்பிக் கேட்டவர்கள் நான்கு பேர், கொடுத்துவிட்டோம். ‘ஒஹியவில் என்ன இருக்கிறது?’ என்று ஒருவன் கேட்டான். அதிபர் சேர் எழுந்தார். பாதை நானுஓயாவுக்கு வந்தது 1885இல், பண்டாரவளைக்கு 1894இல், பதுளைக்கு 1924இல். “நூறு கிலோமீட்டர் கூட இல்லாத தூரத்துக்கு 39 வருஷம் எடுத்திருக்கான். நீ பாலத்துக்கு ஒரு மாசம் பொறுக்க மாட்டியா?”

அந்தப் பாதைக்கு மண் வெட்டியவர்களில் எங்கள் முப்பாட்டன்மாரும் உண்டு என்று ஆரம்பித்தவர் முக்கால் மணித்தியாலம் விடவில்லை. பெஞ்சில் இருந்த யாரும் எழுந்து போகவில்லை. பழைய பழக்கம்.

மார்ச் 11, திங்கள்

அனுமதி வந்துவிட்டது, ஒரு நிபந்தனையோடு. சனிக்கிழமை மதியம் சல்லி வண்டி ஒஹியவுக்குள் வரும், அதற்கு இடம் வேண்டும். பத்தரைக்குள் நாங்கள் அங்கிருந்து புறப்பட்டுவிட வேண்டும். ஏழரைக்குப் புறப்பட இருந்த பயணம் ஆறு மணிக்கு மாறியது. சாப்பாடு பட்டிப்பொலைக்கு மாறியது. சமையல் பொறுப்பில் இருக்கும் அக்கா என்னோடு பேசவில்லை. நூறு பார்சலைக் கட்ட இரண்டு மணிக்கே அடுப்பு மூட்டவேண்டுமே.

மார்ச் 16, சனி

ஐந்தே முக்காலுக்கு மேடை நிறைந்திருந்தது. மலைக்குப் போய் இறங்கியவர்கள் காலை நீட்டித் தூங்க, அவர்களைத் தாண்டித் தாண்டி எங்கள் ஆட்கள். ஆறு மணி என்றது ஆறு பத்துக்குப் புறப்பட்டது.

அட்டனை விட்டதும் சிங்கமலைச் சுரங்கம். அரைக் கிலோமீட்டருக்கு மேல் இருட்டு. பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். முதலில் ஊளையிட்டது விஞ்ஞான டீச்சர்.

கொட்டகலையில் பனி, தலவாக்கலையில் வெயில். மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தைக் கண்டதும் வழக்கமான விவாதம்: சென் கிளயர் நீர்வீழ்ச்சி முன்னர் எப்படி இருந்தது, இப்போது எப்படி. வட்டகொடையில் கீழே வரும் வண்டிக்காக ஒதுங்கி நின்றபோது வடைக்காரர் ஏறினார். நானுஓயா வரை அவர் இறங்கவே இல்லை, கூடை காலியான பிறகும்.

நானுஓயாவுக்கு அப்பால்தான் வித்தியாசம் தெரிந்தது. அம்பேவலையில் யாரும் ஏறவில்லை, எதிரே எதுவும் வரவில்லை. பாதையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. மாடுகள் கூட நிதானமாகத்தான் பார்த்தன.

பட்டிப்பொல 1891 மீட்டர். இன்னும் ஏழு மீட்டர் ஏறினால் உச்சி, 1898. வண்டி நின்றது. கார்ட் முதலில் இறங்கி, ஒவ்வொருவராகக் கைபிடித்து இறக்கினார். அதிபர் சேர் பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். பிறகு தனியாக அந்தப் பக்கம் இருபது அடி, இந்தப் பக்கம் இருபது அடி நடந்து பார்த்துவிட்டு, “ரெண்டு பக்கமும் இறக்கந்தான், சரியாத்தான் போட்டிருக்கான்,” என்றார். பாலக் கட்சித் தம்பி டிரோனை எடுக்கப் பார்த்தான். கார்ட் தலையை ஆட்டினார், உள்ளே வைத்துவிட்டான்.

அடுத்த சுரங்கத்தைத் தாண்டினால் ஊவா மாகாணம். இந்தப் பக்கம் மூடியிருந்த பனி அந்தப் பக்கம் இல்லை, பள்ளத்தாக்கு அடிவரை தெரிந்தது.

ஒஹியவில் மேடைக்கு அப்பால் புதுக் கட்டைகள் அடுக்கியிருந்தன. கழற்றிய பழையவற்றில் சில கையால் பிட்டாலே உதிர்ந்தன. வேலைக்காரர்கள் கம்பியை நெம்பி, அளவுகோலை வைத்துப் பார்த்து, மறுபடி நெம்பினார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவர். விஞ்ஞான டீச்சருக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. “ஏன்டா அப்ப ஓடினே?” என்றுதான் முதல் கேள்வி. அவர் கையில் இருந்த கையுறையைக் கழற்றிவிட்டுத்தான் பதில் சொன்னார். பார்சல்களில் இருபதை அங்கேயே இறக்கினோம். நூற்றில் இருபது போனால் எங்களுக்குக் குறையுமே என்று நான் கணக்குப் போடுவதற்குள் சமையல் அக்காவே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

பத்து இருபத்தைந்துக்குப் புறப்பட்டோம். பட்டிப்பொலையில் மிச்ச பார்சல்களைப் பகிர்ந்து சாப்பிட்டோம். கட்டச்சம்பலில் உறைப்பு கூடிப்போய்விட்டது, யாரும் குறை சொல்லத் துணியவில்லை.

மார்ச் 18, திங்கள்

கணக்கு. பதுளைக்குக் கட்டிய தொகைக்கும் ஒஹியவுக்கு வந்த தொகைக்கும் உள்ள வித்தியாசத்தைத் திரும்பக் கேட்டு எழுதவேண்டும், பற்றுச்சீட்டுகளின் பிரதிகளோடு. தொப்பிகளில் பாதி மீந்திருக்கிறது. ‘பதுளை’யை அடித்துவிட்டு ‘ஒஹிய’ என்று எழுதிப் போட்டுக்கொண்டவர்கள் சிலர்.

பாலக் கட்சி ஏப்ரல் கடைசியில் எல்லவுக்குப் போகப் பட்டியல் போடுகிறது, முதல் பெயர் விஞ்ஞான டீச்சருடையது. இந்தக் கணக்கு முடியாமல் அடுத்ததற்கு ஒரு சதமும் கையில் வாங்கமாட்டேன் என்று பொருளாளர் அக்கா சொல்லிவிட்டார்.