உச்சி வானமும் கோ-டூ கருவியும்: காரைக்குடி நாட்குறிப்பு

பிப்ரவரி 12, 2026, வியாழன்

கருவி 6 அங்குல ஷ்மிட்-காசெக்ரெயின், குவியத்தூரம் 1500 மி.மீ., ஒற்றைக் கை கோ-டூ மவுண்ட் (கேட்ட பொருளை மோட்டாரால் தானாகத் தேடிப் போகும் தாங்கி). 25 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) போட்டால் 60 மடங்கு. அதில் தெரியும் வானம் சுமார் 0.8 டிகிரி அகலம். மோட்டார் அரை டிகிரி தப்பிப் போய் நின்றாலும் தேடிய பொருள் வட்டத்துக்கு வெளியே போய்விடும். ஆகவே முதல் பத்து நிமிட வேலைதான் அன்றைய ராத்திரியைத் தீர்மானிக்கிறது.

கைக்கருவியில் (மவுண்டை இயக்கும் பொத்தான் பலகையில்) இடத்தைக் கேட்கும்போது பட்டியலில் இருக்கிறதே என்று சென்னையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அட்சரேகை 3 டிகிரி தள்ளிப்போகும். காரைக்குடிக்கு வடக்கு 10°04', கிழக்கு 78°47' என்று கையாலேயே அடிக்கலாம். தீர்க்கரேகையில் கிழக்கு என்று மாற்ற மறந்து மேற்கிலேயே விட்டுவிடுவது புதிதாக வாங்கியவர்கள் எல்லோரும் செய்வது.

தேதியை மாதம்/நாள்/வருடம் என்ற வரிசையில் கேட்கும். இன்று நம் பழக்கப்படி 12/02 என்று அடித்தால் கருவி முறைக்காமல் டிசம்பர் 2 என்று எடுத்துக்கொள்ளும். வானம் ஏறக்குறைய 5 மணி நேரம் விலகிவிடும். நாளை 13/02 என்று அடித்தால் 13-வது மாதம் இல்லை என்பதால் ஏற்காது. பிழை பிடிபடுவது பெரும்பாலும் அப்போதுதான்.

அடுத்தது நேர மண்டலம். நமக்கு +5:30. முழு மணிகளை மட்டும் ஏற்கும் கைக்கருவியாக இருந்தால் மண்டலத்தை +5 என்று வைத்து, கடிகாரத்தில் அரை மணி குறைத்து அடிக்க வேண்டும்: இரவு 8:00 என்றால் 19:30. பகல் சேமிப்பு நேரம் 'இல்லை'. அரை மணியில் வானம் 7.5 டிகிரி நகர்ந்துவிடும் என்பதை நினைவில் வைத்தால் இதில் அலட்சியம் வராது.

முக்காலியின் தலையை ரசமட்டம் வைத்துச் சமன் பார்க்கவும். இரண்டு நட்சத்திரங்களைக் காட்டிக் கருவிக்கு வானத்தை அடையாளம் சொல்லும் அலைன்மென்ட் முறையில் இது கண்டிப்பில்லை. ஆனால் கருவி தானாகத் தேடிப் போகும்போது நட்சத்திரத்துக்குப் பக்கத்திலாவது போய் நிற்கும்.

பிப்ரவரி 13, வெள்ளி

கருவியோடு வரும் கையேடுகள் 40 டிகிரி வடக்கில் இருப்பவருக்காக எழுதியவை. 'உயரத்தில் இருக்கும் பிரகாசமான நட்சத்திரத்தைத் தேர்ந்தெடு' என்பார்கள். செட்டிநாட்டில் அதைக் கேட்டால் வம்பு. நம் அட்சரேகை 10 என்பதால், வான நடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய அதே அளவில் இருக்கும் திருவாதிரை (+7.4°), புரோசியான் (+5.2°), மகம் (+12°) மூன்றும் தலைக்கு நேர் மேலேயே போகின்றன. இன்று திருவாதிரை 8:35 வாக்கில் உச்சியிலிருந்து 2.7 டிகிரியில் கடந்தது. புரோசியான் 10:20 வாக்கில், மகம் நள்ளிரவு தாண்டி.

இந்த வகை மவுண்ட் மேல்-கீழ், இட-வலம் என்று இரண்டே அச்சில் நகரும். பொருள் உச்சியை நெருங்க நெருங்க இட-வல அச்சு வேகமாகச் சுற்ற வேண்டும். 2.7 டிகிரியில் திருவாதிரையைப் பின்தொடர அந்த அச்சு, வானம் சுழலும் வேகத்தைப் போல் 20 மடங்குக்கு மேல் ஓட வேண்டும். மோட்டார் திணறும், படம் விலகும். அதோடு குழாயின் பின்முனை அடித்தளத்தை நோக்கி இறங்குவதால், டயகனலில் (ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் துண்டில்) கேமரா மாட்டியிருந்தால் இடிக்கவும் வாய்ப்புண்டு. மேல் எல்லையை 80 டிகிரி என்று மெனுவில் வைத்துவிடுவது நல்லது. உச்சியில் இருக்கும் பொருளுக்கு மருந்து ஒன்றுதான்: முக்கால் மணி பொறுத்தால் அது தானாக 10 டிகிரி சாய்ந்துவிடும்.

அலைன்மென்டுக்கு இந்த மாதம் 9 மணிக்கு நல்ல ஜோடி வடக்கே கபெல்லா (52 டிகிரி உயரம்), கிழக்கே மகம் (33 டிகிரி). இரண்டும் திசையில் ஏறக்குறைய செங்கோணத்தில் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று நேரெதிரே இருக்கும் நட்சத்திரங்களைத் தவிர்க்கவும்.

நட்சத்திரத்தை முதலில் சிவப்புப் புள்ளி ஃபைண்டரில் வைத்து 'என்டர்', பிறகு ஐபீஸ் நடுவில் வைத்து 'அலைன்'. நடுவுக்குக் கொண்டுவரும்போது கடைசி அசைவு எப்போதும் மேல், வலம் அம்புக்குறிகளால் மட்டும். தாண்டிப் போய்விட்டால் திரும்பி வராமல், கீழே இறக்கி மறுபடி மேலே ஏற்றவும். பற்சக்கரங்களுக்கு இடையே இருக்கும் தளர்வு ஒரே பக்கம் தங்கினால்தான் கணக்கு ஒட்டும். இந்த ஒன்றை ஒழுங்காகச் செய்தாலே 'கோ-டூ சரியில்லை' என்கிற புகாரில் பாதி அடங்கிவிடும்.

பிப்ரவரி 15, ஞாயிறு

சிவராத்திரி. கோயில் விளக்குகள் விடிய விடிய எரியும், ஊருக்குள் நெபுலா தேடுவது வீண். வியாழனுக்கு வெளிச்சம் ஒரு பொருட்டில்லை. மிதுனத்தில், 77 டிகிரி உயரம் வரை ஏறுகிறது.

ஆனால் இருட்டியதும் மொட்டை மாடியில் வைத்தால் வியாழன் கொதிக்கும் நீருக்குள் இருப்பதுபோல் ஆடும். பகலெல்லாம் வெயில் குடித்த தளம் சூட்டைக் கக்குகிறது. முன்வில்லையால் மூடிய குழாய் வேறு உள்ளே சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். முக்கால் மணி முன்னதாக வெளியே வைத்துவிட்டு, பத்து மணிக்கு மேல் 10 மி.மீ. (150 மடங்கு) போடலாம். மாடியில் யாராவது நடந்தாலும் படம் குதிக்கும். செட்டிநாட்டு வீட்டின் நடுவிலுள்ள வளவு முற்றத்தில் அதிர்வு இல்லை, ஆனால் நாலு பக்கத்து ஓடும் சேர்ந்து வானத்தை ஒரு சதுரமாக நறுக்கிவிடுகிறது. அலைன்மென்டுக்கு இரண்டு நட்சத்திரம் கிடைக்காது.

ஒளியியல் ஒழுங்கைச் சோதிக்க கேஸ்டர் என்ற இரட்டை நட்சத்திரம் போதும். சுமார் 5 வில்நொடி (ஒரு வில்நொடி என்பது டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு) இடைவெளியில் இரண்டு புள்ளியாகப் பிரிய வேண்டும். பிரியாவிட்டால் ஒற்றை நட்சத்திரம் ஒன்றைச் சற்றே குவியம் தப்ப வைத்து வளையங்களைப் பார்க்கவும். நடுக்கரும்புள்ளி ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் முன்பக்க இரண்டாம் ஆடியின் மூன்று திருகுகளில் ஒன்றை எட்டில் ஒரு பங்கு சுற்று மட்டும் திருப்பி, நட்சத்திரத்தை மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 17, செவ்வாய், அமாவாசை

கண்மாய்க் கரைக்குப் போகிறவர்கள் காரைக்குடிக்குத் தெற்கே இடம் பார்ப்பது நல்லது. கானாடுகாத்தான் பக்கம் இருட்டுதான். ஆனால் ஊர் வெளிச்சம் தெற்கு அடிவானத்தில் எழும்பும், நமக்கு வேண்டியதெல்லாம் அந்தத் திசையில்தான். அகத்தியர் நட்சத்திரம் 8:50 வாக்கில் தெற்கே 27 டிகிரியில். ஓரியன் நெபுலா 8 மணியை ஒட்டி 74 டிகிரியில். எல்லைக்குள் இருப்பதால் மோட்டாருக்குச் சிரமமில்லை.

நீர்ப்பரப்பு பக்கத்தில் என்றால் பனி முன்வில்லையில் இறங்கும். யோகா பாயை 10 அங்குலத்துக்கு வெட்டிக் குழாயின் வாயில் சுற்றினால் போதும். ஈரம் படிந்த வில்லையைத் துணியால் துடைக்கக் கூடாது, செம்மண் தூசி கீறிவிடும்.

பிப்ரவரி 18, விடிகாலை

4 மணிக்குச் சற்று முன் ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து தெற்கே 32 டிகிரியில். மெசியே பட்டியலில் இல்லை, இன்னொரு வான்பொருள் பட்டியலான என்.ஜி.சி.யில் 5139 என்று அடிக்கவும். 60 மடங்கில் புலத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு மணல் கொட்டியதுபோல் பிரிகிறது. லண்டன்காரருக்கு இது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

திரையில் 'நோ ரெஸ்பான்ஸ் 16' அல்லது '17' என்று வந்தால் மோட்டார் பலகை பேசவில்லை என்று பொருள். பழுதென்று பதறுமுன் மின்சாரத்தைப் பார்க்கவும். எட்டு பென்டார்ச் செல்கள் இரண்டு மோட்டாரும் சேர்ந்து ஓடும்போது தாங்குவதில்லை. யு.பி.எஸ். கடையில் கிடைக்கும் 12 வோல்ட் 7 ஏ.எச். பேட்டரி ஒரு முன்னிரவுக்குப் போதும். பிளக் 5.5 × 2.1 மி.மீ., நடுமுனை நேர்மின். வாங்கியதும் மீட்டரில் சரிபார்க்கவும். ஓய்வில் 12.1 வோல்ட் காட்டினால் பாதிதான் மிச்சம், அதோடு நிறுத்திச் சார்ஜ் போடவும். கம்பியை முக்காலிக் காலில் ஒரு சுற்றுக் கட்டிவிட்டு, மெனுவில் கம்பி சுற்றாமல் காக்கும் வசதியை இயக்கவும். இல்லாவிட்டால் மவுண்ட் சுற்றும்போது பிளக்கை இழுத்துவிடும், அலைன்மென்டை முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான்.

பிப்ரவரி 24, செவ்வாய்

வளர்பிறை அரை நிலா. பின்தொடரும் வேகத்தை 'லூனார்' என்று மாற்றவும். நட்சத்திர வேகத்தில் விட்டால் மணிக்கு அரை டிகிரி பின்தங்கி, பார்த்த பள்ளம் ஐபீஸை விட்டுப் போய்விடும்.

மார்ச் 3 சந்திர கிரகணத்துக்கு ஒரு ஏற்பாடு. நிலா இங்கே 6:20-ஐ ஒட்டி எழும்போது முழுமறைப்பு முடிந்து பகுதி கிரகணம்தான் மிச்சமிருக்கும். 6:47-க்கு அதுவும் விடும். அதற்குள் அலைன்மென்டுக்கு நட்சத்திரம் எதையும் நம்ப முடியாது. 'சோலார் சிஸ்டம் அலைன்' என்பதில் நிலாவையே தேர்ந்தெடுத்து நடுவில் வைத்தால் அந்தக் கொஞ்ச நேரத்துக்குப் பின்தொடரும். கிரகணம் விடும்போது நிலா 6 டிகிரி உயரத்தில்கூட இருக்காது. கிழக்கே பனையோ வீடோ மறைக்காத இடமாக முதல் நாளே பார்த்து வைக்கவும்.