ஓராவும் முள்ளுக் கணக்கும்

நம்மட இலங்கைக் கடல் மீனை இனம் பிரிக்கிறதெண்டா புத்தகங்கள் முதல்ல முள்ளை எண்ணச் சொல்லும். முதுகுச் செட்டையில எத்தின முள்ளு, அதுக்குப் பின்னால எத்தின மெல்லிய கதிர், பக்கக்கோட்டில, அதாவது உடம்பின்ர பக்கத்தால நீளமா ஓடுற கோட்டில எத்தின செதில், இப்பிடி. கலவாய், பாரைக்கு இந்தக் கணக்கு நல்லாவே உதவும். ஓரா எண்ட மீன் குடும்பத்தில (இங்கிலீசில ராபிட்ஃபிஷ்) மட்டும் சுத்தமா எடுபடாது, ஏனெண்டா உலகத்தில எந்த ஓராவைப் பிடிச்சாலும் முதுகில 13 முள்ளு 10 கதிர், குதச் செட்டையில 7 முள்ளு 9 கதிர்தான். வயித்துச் செட்டையில ரெண்டு ஓரத்திலயும் முள்ளு, நடுவில 3 கதிர். எண்ணேக்க குத்திச்செண்டா கடுப்பு வேற, நஞ்சு முள்ளு. எண்ணி முடிக்க ஓரா எண்டுதான் தெரியும், எந்த ஓரா எண்டு தெரியாது. விளைமீனும் கிட்டத்தட்ட இதே கேஸ்தான்.

மிஞ்சுறது நிறமும் புள்ளியும் கோடும். அதுவும் செத்த உடன மாறத் தொடங்கிடும், மீனைப் பழுதாகாமல் வைக்கிற ஃபோர்மலின் திரவத்தில போட்டா கொஞ்ச நாளில எல்லாம் ஒரே மண் நிறம்.

இது பழைய ஆக்களுக்கே தெரிஞ்சிருக்கு. 1830ல பெனட் எண்டவர் போட்ட இலங்கை மீன் புத்தகத்தின்ர தலைப்பிலயே தீவின்ர தெற்கில உயிருள்ள மீனைப் பாத்து வரைஞ்ச படங்கள் எண்டு இருக்கு. இப்ப சூயஸ் கால்வாயால மத்தியதரைக் கடலுக்குள்ள பூந்து பெரிய தலையிடியா நிக்கிற லயன்ஃபிஷ் இருக்கெல்லோ, விஞ்ஞானப் பேர் டெரோயிஸ் மைல்ஸ், அதுக்கு அந்த மைல்ஸ் எண்ட பேரை வச்சதும் இவர்தான், இலங்கை மீனைப் பாத்துத்தான்.

அதுக்காக நிறத்தை மட்டும் நம்பவும் ஏலாது. கிளிமீன்ல பெட்டை மங்கல் கபிலம், கடுவன் பச்சையும் நீலமும், அதுவும் பெட்டையா இருந்ததே பிறகு கடுவனா மாறும், முந்தி ஒரே இனத்துக்கு ரெண்டு பேர் வச்ச கதையெல்லாம் இருக்கு. இதுக்குத்தான் டிஎன்ஏ பாக்கிறது.

என்னைக் கேட்டா, பிடிச்ச மீனை ஆய்வுக்கு எடுத்து வைக்கேக்க எதை முதல், எதைப் பிறகு செய்யிறம் எண்ட ஒழுங்குதான் முக்கியம். முதல்ல போட்டோ, தலை இடப்பக்கம் பாக்க, செட்டையெல்லாம் விரிச்சு. பிறகு செட்டையில ஒரு துண்டு வெட்டி அல்ககோலுக்குள்ள. கடைசியாத்தான் மீன் ஃபோர்மலினுக்குள்ள, ஏனெண்டா ஃபோர்மலின் டிஎன்ஏயைப் பழுதாக்கிப்போடும். லேபலை பென்சிலாலதான் எழுதவேணும், சாதாரண பேனை மை அல்ககோலில கரைஞ்சுடும். பிடிச்ச இடமும் திகதியும் இல்லாத போத்தல் ஷோகேஸில வைக்கத்தான் சரி.