நிற்கும் குதிரைகள்

மங்கோலியத் தலைநகர் உலான் பத்தூரில் ஓவியங்களுக்கு விவரக்குறிப்பு எழுதும் பணியில் இருந்தபோது, படத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்பதை உருவம் உருவமாகப் பதிவு செய்வதே எங்கள் வழக்கம். மங்கோல் ஜுராக் எனப்படும் ஓவிய மரபுக்கு அது மிகப் பொருந்தும். மெல்லிய கோட்டுக்குள் தட்டையாக வண்ணம் நிரப்பிய சிறு சிறு கூட்டங்கள் துணி முழுவதும் பரவியிருக்க, ஒவ்வொன்றும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பால்தூகின் ஷரவ் (1869–1939) வரைந்து, இன்று சனபசார் நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ள ‘மங்கோலியாவின் ஒரு நாள்’ என்ற ஓவியத்தின் முன் நின்றால், எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்றே தெரியாது.

மேய்ச்சல் குடும்பத்தில் வளர்ந்த மூத்த பணியாளர் ஒருவர், “முதலில் பிடரியைப் பாருங்கள்” என்பார். விதையடித்த குதிரைகளின் பிடரி மயிரைக் கத்தரித்துவிடுவார்கள். பொலிகுதிரைக்கு அதை வளரவிடுவார்கள். அது தெரிந்துவிட்டால், கும்பலாகத் தோன்றியது ஒரு பொலிகுதிரையும் அதன் பெட்டைகளும் குட்டிகளுமாகப் பிரிந்து, ஒரு குடும்பமாகக் கண்ணுக்குப் புலப்படும்.

பெட்டைக் குதிரைகளிடம் பால் கறக்கும் காட்சிகளில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். தரையோடு இழுத்துக் கட்டிய நீண்ட கயிற்றில் குட்டிகள் வரிசையாகப் பிணைக்கப்பட்டிருக்கும். குட்டியைச் சற்றே ஊட்டவிட்டு, தாய் சுரந்ததும் விலக்கி, அதன் கண்முன்னேயே ஒருவர் பிடித்துக்கொள்ள, கறப்பவர் ஒரு முழங்காலை ஊன்றி, மறு தொடையில் வாளியை வைத்து, பின்னங்காலைச் சுற்றிக் கைநீட்டிக் கறப்பார். கோடையில் ஒரே நாளில் பலமுறை நடக்கும் வேலை இது. இந்தப் பாலைத் தோல்பையில் ஊற்றிக் கடைந்து புளிக்கவைத்தால் ஐராக். அந்தத் தயாரிப்பு முறையை 2019இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. கறப்பவரின் உட்காரும் வாகு பிசகினால், ஓவியருக்குக் குதிரை பழக்கமில்லை என்று அந்தப் பணியாளர் உடனே சொல்லிவிடுவார்.

சுற்றுலாப் பயணிகளுக்கென்று கடைவீதியில் விற்கும் படங்களிலோ, குதிரைகள் புழுதி பறக்க ஓடிக்கொண்டே இருக்கும். அவற்றில் எனக்கு மனம் ஒட்டியதில்லை. நீண்ட கழியின் நுனியிலுள்ள சுருக்கால் குதிரை பிடிக்கும் காட்சியை எடுத்துக்கொண்டால், நல்ல ஓவியத்தில் நம் கண் ஓடுகிற குதிரையில் நிற்காது. ஏறியவனின் இழுப்புக்கு ஈடுகொடுத்து, பின்னங்கால்களை மடக்கிப் பின்னுக்குச் சாய்ந்து நிற்கும் பழகிய குதிரையில் போய் நிற்கும். விவரக்குறிப்பில் அந்தக் குதிரைக்குத் தனி வரி வேண்டும் என்று கேட்டு வாங்கினேன்.