கத்திரி வெயிலில் மூன்று கல்யாணம்

மலேசியாவில் எங்கள் ஊர் கிள்ளானில் வெயில் காலம் என்று தனியாக ஒன்றும் கிடையாது, வருஷம் முழுக்க ஒரே புழுக்கம், சாயங்காலமானால் ஒரு மழை. அதனால் சென்னைக்கு வந்த முதல் மே மாதம் அக்னி நட்சத்திரம் என்று யாரோ சொன்னதும் ஏதோ கோயில் விசேஷம் என்று நினைத்துக்கொண்டேன். இது எனக்கு இரண்டாவது மே. வைகாசி பிறந்ததும் முதல் வாரக்கடைசியிலேயே மூன்று பத்திரிகை, மூன்றுக்கும் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வடபழனியில் ரிசப்ஷன். மெல்லிசைக் குழு, பெரிய ஸ்பீக்கர், பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. சாப்பாடு நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

சனிக்கிழமைதான் கல்யாணம்! ஹவுஸ் ஓனர் அம்மாவின் மகளுக்கு நாலரை ஆறு முகூர்த்தம். எங்கள் ஊரில் எனக்குத் தெரிந்த கல்யாணமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை, அதுவும் விடிந்த பிறகு, நிதானமாகக் குளித்துக் கிளம்பிப் போவோம். இங்கே இரண்டரைக்கு எழுந்து, தெருநாய்கள் குரைக்க, பட்டுப்புடவையில் ஆட்டோவுக்கு நின்றேன். மண்டபத்தில் நுழைந்ததும் அந்த அம்மா பன்னீர்ச் சொம்பை என் கையில் திணித்து, "வாசல்ல நில்லும்மா, ஆள் இல்ல" என்று உள்ளே ஓடிவிட்டார். சந்தனம், கல்கண்டு, பன்னீர். வருகிறவர்கள் எல்லாம் "நீ பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்று கேட்க, நாலைந்து பேருக்கு விளக்கிப் பார்த்துவிட்டு, அப்புறம் பேசாமல் பொண்ணு வீடு என்றே சொல்லிவிட்டேன்.

தாலி கட்டும் நேரத்தில் உள்ளே ஓடி தவில்காரர் பக்கத்தில் போய் நின்றேன். இடது கையில் குச்சி, வலது கை விரல் ஒவ்வொன்றிலும் வெள்ளையாக ஒரு கூடு, துணியைப் பசையில் தோய்த்துக் காயவைத்துச் செய்வதாம், தட்டினால் கல் மாதிரி. ஐயர் கையைத் தூக்கி "கெட்டிமேளம்" என்றதும் அடித்தார் பாருங்கள், என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. தும்மல், அழுகை என்று அபசகுனமான சத்தம் எதுவும் அந்த நிமிஷத்தில் காதில் விழக்கூடாது என்பதற்காகத்தான் அப்படி அடிப்பது என்கிறார்கள். எனக்கு என் அழுகையே கேட்கவில்லை, நல்லதாகப் போயிற்று.

ஞாயிறு மதுராந்தகத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம், ஆபீஸ் தோழியின் அண்ணனுக்குக் கல்யாணம். கிளாம்பாக்கத்தில் விடிகாலை பஸ் ஏறினோம். செங்கல்பட்டு தாண்டி ஒரு நீளப் பாலம் வந்தது, பாலாறு என்றாள். ஆறு எங்கே என்று கேட்டேன். "மணலுக்குக் கீழே" என்று அசராமல் சொன்னாள். ஊர் ஏரியிலும் தண்ணீர் இல்லை, வெடித்த களிமண்ணில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

மொய் எழுதுகிற பெரியவர் 501 ரூபாயை எண்ணி வாங்கிக்கொண்டு ஊர் கேட்டார். கிள்ளான் என்றேன். "அது எங்க, காட்டாங்கொளத்தூர் பக்கமா?" என்றார். மலேசியா என்றதும் நோட்டில் ஊர்ப் பெயரை அடித்துவிட்டு 'சென்னை' என்று எழுதிக்கொண்டார். நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

பந்தலில் அனல் தாங்காமல் ஏரிக்கரைப் பனைமர நிழலில் போய் உட்கார்ந்தோம். அங்கே ஒரு ஆயா நுங்கு சீவிக்கொண்டிருந்தார். கட்டைவிரலை உள்ளே விட்டு நெம்பி உறிஞ்ச வேண்டும், முதல் நுங்கில் தண்ணீர் பீறிட்டு என் ஜாக்கெட்டெல்லாம் நனைந்தது. ஆயா சிரித்துக்கொண்டே அடுத்ததைச் சீவி நீட்டினார்.

"பசியாறிட்டியா கண்ணு, பந்தியில?"

இந்த 'பசியாறு'வுக்காகத்தான் என்னை ஒரு வருஷமாக ஆபீஸ் கேண்டீனில் ஓட்டுகிறார்கள். காலையில் யாரிடமாவது பசியாறியாச்சா என்று கேட்டால் போதும், பழைய படத்து வசனம் என்று சிரிப்பு. தோழியைத் திரும்பிப் பார்த்தேன், அவள் நுங்கில் மும்முரமாக இருப்பது போல முகத்தை வைத்துக்கொண்டாள்.

"இன்னும் இல்ல ஆயா," என்றேன். "ரெண்டாம் பந்தி."