நந்தியாவட்டையும் பழைய லுங்கித் துண்டும்: கண்நோயோடு 16 நாள்

ரங்கூனில் பள்ளிகள் ஜூன் தொடக்கத்தில் திறக்கும். மழையும் ஏறக்குறைய அப்போதுதான் பிடித்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்துவிட்டால், இரண்டு மூன்று வாரத்துக்குள் தெருவில் யாராவது ஒரு பிள்ளை சிவந்த கண்ணோடு வீடு திரும்பும் என்பது தாம்வேயில் குடியிருக்கும் எங்களுக்குப் புதிதன்று. சென்ற ஆனி மாதத்தில் அந்தப் பிள்ளை எங்கள் வீட்டுப் பிள்ளையாகவே அமைந்துவிட்டான். என் கொழுந்தனார் மகனுக்கு எட்டு வயது. கண் பொங்கிய நிலையில் மூன்று நாள் வீட்டில் இருந்தான். அந்த மூன்று நாளும் முகம் கழுவிவிட்டு, குளியலறைக் கதவில் தொங்கிய எல்லோருக்கும் பொதுவான துண்டில்தான் துடைத்துக்கொண்டான் என்பதைப் பிறகுதான் கண்டுபிடித்தோம்.

அவனுக்குக் குணமாகி, நாங்கள் அதை மறந்தும் போன பிறகு, எட்டாம் நாள் காலையில் என் இடது கண்ணில் மணல் விழுந்தது போன்ற உறுத்தல் தொடங்கியது. நான் ஒரு பருப்பு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். இந்தியாவுக்கு அனுப்பும் உளுந்து மூட்டைகள் ஏறி இறங்கும் இடம் அது, தூசிக்குப் பஞ்சமில்லை. ஆகவே மூட்டைத் தூசிதான் என்று நானே முடிவு செய்து, அன்று முழுவதும் கண்ணைக் கசக்கிக்கொண்டே கணக்குப் பார்த்தேன். மாலையில் கண்ணாடியில் பார்த்தபோது வெள்ளைவிழி முழுவதும் செவ்வரளிப் பூவாக இருந்தது. இரண்டு நாள் கழித்து வலது கண்ணும் சேர்ந்துகொண்டது. நீர் வடிந்தது, இமை வீங்கியது, இடது காதுக்குச் சற்று முன்னால், தொட்டால் வலிக்கும் சிறு நெறி ஒன்று கடலைப் பருப்பு அளவில் கட்டியிருந்தது.

இந்த நோய்க்கு ஊருக்கொரு பெயர் உண்டு. தமிழ்நாட்டிலுள்ள உறவினர்கள் ‘மெட்ராஸ் ஐ’ என்பார்கள். பர்மியர்கள் ‘மியெச்சி நா’ என்பார்கள். 1969-இல் கானாவில் இதன் குருதி கசியும் வகை ஒன்று பரவியபோது, மனிதன் நிலவில் கால்வைத்த ஆண்டு என்பதால் அங்கே அதை ‘அப்போலோ’ என்றே அழைத்தார்களாம். எங்கள் அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, அது வெறும் ‘சூட்டுக் கண்’. சூடு என்றால் குளிர்ச்சி செய்ய வேண்டும் என்று அன்று மாலையே களத்தில் இறங்கிவிட்டார்.

முதலில் வாசல் நிலையில் வேப்பிலை செருகப்பட்டது. அடுத்து, மாமாவின் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து, மஞ்சள் கரைத்த நீரில் தோய்த்து உலர்த்தி, “இதாலதான் துடைக்கணும், வேற யாரும் தொடக் கூடாது” என்று என் கையில் கொடுத்தார். அந்த நேரத்தில் எனக்கு அது சடங்கு போலத்தான் தோன்றியது. ஆனால் பிறகு நினைத்துப் பார்க்கும்போது, அன்று என் வீட்டில் நடந்தவற்றிலேயே அறிவார்ந்த செயல் அதுதான் என்று தோன்றுகிறது. மஞ்சள் கண்ணுக்கு என்ன செய்ததோ, அந்த நிறம் ‘இது நோயாளியின் துணி’ என்று வீட்டிலுள்ள எல்லோருக்கும் அறிவித்துக்கொண்டே இருந்தது. கதவில் தொங்கிய பொதுத் துண்டு செய்த தவற்றை அந்த மஞ்சள் துணி செய்யவில்லை. ஒரே குறை, உலர்ந்த துணியில் மஞ்சள் துகள் ஒட்டியிருந்து இமை விளிம்பில் உறுத்தியது. மறுநாள் அதைக் கொதிக்கும் நீரில் போட்டு அலசியதும் துகள் போயிற்று, நிறம் மட்டும் நின்றது.

அடுத்த யோசனை தாய்ப்பால். எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு சங்கில் கொஞ்சம் வாங்கி வருவதாக அத்தை கிளம்பிவிட்டார். தாய்ப்பால் கண்நோயை ஆற்றும் மருந்தன்று, அதிலும் கிருமி இருக்கலாம் என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. “அத்தை, பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டுக்கு நம்ம வீட்டு நோயைக் கொண்டுபோகணுமா?” என்று கேட்டதும், வாசற்படியில் நின்றவர் அப்படியே திரும்பி வந்து சங்கைக் கழுவி வைத்தார். பிறந்த குழந்தையின் கண்ணில் பீளை வந்தால் அது எந்த வீட்டு வைத்தியத்துக்கும் காத்திருக்கக் கூடாத ஆபத்து என்பதால், அந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

நந்தியாவட்டையை மட்டும் நான் மறுக்கவில்லை. என் பாட்டி காலத்திலிருந்து கேட்டு வந்த பூ. எங்கள் சந்து முனையில் மழையில் நனைந்து பூத்துக் குலுங்கியது. அத்தை பறித்து வந்ததை ஆறிய நீரில் போட்டு, மூடிய இமைகளின் மேல் வைத்துக்கொண்டு படுத்தேன். அந்தக் குளிர்ச்சி உண்மையிலேயே இதமாக இருந்தது. ஆனால் நந்தியாவட்டையின் காம்பைக் கிள்ளினால் பால் வரும். அந்தப் பால் கண்ணில் பட்டால் எரிச்சலைக் கூட்டும். முதல் நாள் காம்போடு வைத்ததில் இமை ஓரம் கடுகடுத்தது. இரண்டாம் நாள் பூவிலிருந்து ஒரு சிற்றெறும்பு ஊர்ந்து வந்து புருவத்தைக் கடித்தது. நனைத்த துணி தந்த குளிர்ச்சிக்கும் பூ தந்த குளிர்ச்சிக்கும் வேறுபாடு எனக்குத் தெரியாததால், மூன்றாம் நாள் முதல் பூ சாமி படத்துக்குப் போயிற்று.

பக்கத்து வீட்டுப் பர்மியப் பாட்டியை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ‘அப்வா’ என்று அழைப்பார்கள். அவர் தனக்கா கட்டையைக் கல்லில் அரைத்து, கண்ணைச் சுற்றிப் பூசினால் எரிச்சல் தணியும் என்று ஒரு கிண்ணத்தில் கொடுத்தனுப்பினார். தினமும் கன்னத்தில் பூசுகிற பொருள்தான். இருந்தாலும் காய்ந்த தனக்கா பொடியாக உதிரும் என்பதால் நெற்றியோடு நிறுத்திக்கொண்டேன். பூசைக்கு வைத்திருந்த பன்னீரை மட்டும் யாரும் சொல்லாமலே நானாகவே இரண்டு சொட்டு விட்டேன். அதைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. கால் மணி நேரம் குழாயடியில் நின்றேன்.

உண்மையில் எனக்கு ஆறுதல் தந்தது எது என்று கேட்டால், கொதித்து ஆறிய நீரும் பருத்தித் துணியும் என்றுதான் சொல்வேன். கேட்பதற்கு எளிதாக இருந்தாலும், அதை நாள் முழுவதும் ஒழுங்காகச் செய்வது மழைக்கால ரங்கூனில் அவ்வளவு எளிதன்று. சுழற்சி முறையில் மின்சாரம் போய்க்கொண்டே இருந்ததால் ஐஸ் கட்டியை நம்ப முடியவில்லை. ஆகவே தண்ணீரைப் பொங்கக் கொதிக்கவைத்து, கழுவிய கண்ணாடிப் புட்டியில் ஊற்றி இறுக மூடி, அந்தப் புட்டியை மண்பானைத் தண்ணீருக்குள் இறக்கி வைத்தேன். பானை கசிந்து கசிந்து குளிரும்போது உள்ளே உள்ள புட்டியும் குளிர்ந்தது. பானை நீர் கண்ணில் படவுமில்லை. என் கணவரின் நைந்துபோன பருத்தி லுங்கியை 20 சதுரத் துண்டுகளாக வெட்டி, கொதிக்கவைத்து, அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் உலர்த்தினேன். வெளியே காயப்போட்டால் ஆனி மழையில் இரண்டு நாளானாலும் ஈரம் போகாது. ஈரத்துணியில் பூஞ்சைதான் பிடிக்கும்.

துடைக்கும் முறைக்கும் ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டேன். மூக்கோரத்திலிருந்து காதுப் பக்கமாக ஒரே இழுப்பு. ஓர் இழுப்புக்கு ஒரு துண்டு. இடது கண்ணுக்கு எடுத்தது வலது கண்ணுக்கு ஆகாது. பயன்படுத்தியதெல்லாம் மூடிபோட்ட வாளிக்குள் போய், இரவில் மொத்தமாகக் கொதிக்கும். காலையில் இமை ஒட்டிக்கொண்டிருந்தால் இழுத்துப் பிரிக்காமல், வெதுவெதுப்பான துண்டை இரண்டு நிமிடம் வைத்து ஊறவிட்டுத் துடைத்தேன். மற்ற நேரங்களில் எரிச்சல் எடுத்தபோதெல்லாம் குளிர்ந்த துண்டைப் பிழிந்து, மூடிய கண்ணின் மேல் சில நிமிடம் வைத்தேன். தொடுவதற்கு முன்னும் பின்னும் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். கைக்குத் தடவும் ஆல்கஹால் திரவம் இந்தக் கிருமியிடம் அவ்வளவு எடுபடாது. தலையணை உறை தினமும் மாறியது. கைப்பேசியைத்தான் நெடுநாள் மறந்திருந்தேன்; கண்ணைத் தொட்ட விரல் அடுத்த கணம் தொடுவது அதைத்தான்.

இத்தனைக்கும் நடுவில் மூன்றாம் நாள் ஒரு தவறு நடந்தது. வலது கண்ணும் சிவந்துவிட்ட பதற்றத்தில், என் கணவரிடம் சொல்லி ஒரு மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கச் செய்தேன். சீட்டு எதுவும் கேட்காமல், “கண்நோய்க்கு இதுதான் எல்லோரும் வாங்குவது” என்று ஒன்றைக் கொடுத்தார்களாம். விட்ட சில மணி நேரத்தில் சிவப்பு நன்றாகவே குறைந்தது. மறுநாளும் விட்டேன். ஐந்தாம் நாள் மாலை, விளக்கொளியைப் பார்த்தால் கண் கூசுவதையும், இமைத்தாலும் தெளியாத ஒரு மங்கல் இடது கண்ணில் படர்ந்திருப்பதையும் கண்டு பயந்து, புட்டியின் எழுத்துகளைக் கைவிளக்கில் படித்தேன். நியோமைசின் என்ற கிருமிக்கொல்லியோடு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டெராய்டும் அதில் இருந்தது.

மறுநாள் காலையில் நாட்மௌக் சாலையிலுள்ள கண் மருத்துவமனைக்குப் போனேன். அங்கிருந்த பெண் மருத்துவரை எல்லோரையும் போல ‘ஸயாமா’ என்றே அழைத்து, புட்டியை மேசைமேல் வைத்தேன். அவர் காதுக்கு முன்னாலிருந்த நெறியைத் தொட்டுப் பார்த்தார். சாயம் தோய்ந்த சிறு தாள் ஒன்றைக் கீழிமைக்குள் தொட்டு, நீல ஒளியில் கருவிழியை ஆராய்ந்தார். கருவிழியில் புண் இல்லை. தண்ணீராக வடிவதும், ஒரு கண்ணில் தொடங்கி மறு கண்ணுக்குத் தாவுவதும், நெறி கட்டுவதும் வைரஸால் வரும் கண்நோயின் அடையாளங்கள் என்றும், அதற்கு நியோமைசினால் பயனில்லை என்றும் விளக்கினார். பாக்டீரியாவால் வந்திருந்தால் மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டியான பீளை நாள் முழுவதும் வந்துகொண்டிருக்கும். ஒவ்வாமையால் வந்திருந்தால் அரிப்புதான் மேலோங்கி இருக்கும். ஸ்டெராய்டு சிவப்பைக் குறைத்துக் காட்டுமே தவிர, வைரஸ் கண்ணில் தங்கும் நாளை நீட்டிவிடும் என்றார். வந்திருப்பது அக்கி வகை வைரஸாக இருந்தால் கருவிழியையே புண்ணாக்கிவிடும் என்று அவர் சொன்னபோது எனக்கு உள்ளங்கை வியர்த்தது. நல்ல வேளையாக எனக்கு அது அக்கி வகையன்று. அந்த மருந்தை எப்படி நிறுத்துவது என்பதையும் அவரே சொன்னார்.

அவர் எழுதிக் கொடுத்தது, கார்பாக்சிமெத்தில்செல்லுலோஸ் கலந்த செயற்கைக் கண்ணீர் ஒன்று மட்டுமே. வீட்டில் நான் செய்துவந்த குளிர் ஒத்தடத்தையும் துடைப்பையும் அப்படியே தொடரச் சொன்னார். பன்னீரைச் சொன்னதும் தலையில் கைவைத்தார். கண்ணுக்குள் வலி கடுமையாக இருந்தாலோ, ஒளி கூசினாலோ, இமைத்தும் மங்கல் போகாவிட்டாலோ, கான்டாக்ட் லென்ஸ் போடுபவருக்குச் சிவந்தாலோ வீட்டில் ஒரு நாளும் வைத்திருக்கக் கூடாது என்பதை, நான் ஒரு நாள் தாமதித்து வந்ததைக் குறிப்பிட்டு, சற்றுக் கடுமையாகவே சொன்னார்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் பொறுத்திருப்பது மட்டும்தான். அத்தை தன் பங்குக்கு இளநீரும், வெந்தயம் போட்ட மோரும் கொடுத்தார். ஙப்பி என்ற பர்மிய மீன் விழுதையும் கருவாட்டையும் பத்தியம் என்று நிறுத்தினார். கண்ணுக்குள் எதுவும் விடாதவரை எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஒன்பதாம் நாள் வரை பெரிய மாற்றம் தெரியவில்லை. பத்தாம் நாள் நீர் வடிவது குறைந்தது. பன்னிரண்டாம் நாள் இமை வீக்கம் வடிந்தது. மங்கல் கடைசியாக, பதினான்காம் நாள் விலகியது. என் கணவருக்கும் அத்தைக்கும் நோய் வரவில்லை. வேப்பிலையால்தான் என்று அத்தையும், தனித் துண்டால்தான் என்று நானும் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கடைசி நாளில் என் கண்மை டப்பாவைக் குப்பையில் போட்டேன். அத்தை தம் கையால் விளக்குப்புகை பிடித்துச் செய்த மை என்பதால், அதற்கு மட்டும் ஒரு சிறு சண்டை நடந்தது.

பதினாறாம் நாள் மண்டிக்குத் திரும்பியபோது கண் முழுவதும் வெளுத்திருந்தது. இருந்தும் முதலாளி கணக்குப் புத்தகத்தை மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே பேசினார். கண்நோய்க்காரரைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது அவர் நம்பிக்கை. தொட்டால்தான் ஒட்டும், பார்த்தால் ஒட்டாது என்று சொல்லிப் பார்த்தேன். கேட்பதாக இல்லை. அவருக்காக இரண்டு நாள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டே உளுந்துக் கணக்கு எழுதினேன்.