சேலத்துக்கு வந்த கடல் தார்

ஜூன் 9, 2025, திங்கள்

கோவா போய்வந்த ஆய்வு மாணவி, கடற்கரையில் பொறுக்கிய தார் உருண்டைகளை இன்று ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தாள். கடலில் கலந்த எண்ணெய் இறுகி இப்படி உருண்டையாகும்; அது எந்த எண்ணெய் என்று கண்டுபிடிக்க வேண்டும். "கால்ல ஒட்டிக்கிச்சு மேடம், தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்ச்சப்புறம்தான் போச்சு" என்றாள். பிளாஸ்டிக் பையில் போடாமல் அலுமினியத் தாளில் மடித்து எடுத்துவந்திருக்கிறாள், அதற்கே பாராட்டலாம். பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் சேர்மங்கள் கலந்தால் ஆய்வே கெட்டுவிடும்.

நெல்லிக்காய் அளவுதான். மேலே மணலும் சிப்பித்தூளும் அப்பிக் காய்ந்திருக்கிறது. கத்தியால் பிளந்தால் உள்ளே பளபளவென்று கறுப்பு, புதிதாய் ரோடு போட்ட வாசனை.

ஜூன் 11, புதன்

உள்பகுதியில் ஒரு துணுக்கை டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பானில் கரைத்தோம். அதன் கொதிநிலையே 40 டிகிரிதான். சேலத்து வெக்கையில் மூடியைத் திறந்தாலே பறக்கிறது, ஐஸில் வைத்துத்தான் வேலை. பிறகு வேண்டாத சேர்மங்களைப் பிரித்தெடுக்கச் சிலிகா ஜெல், ஹெக்சேன். மாலையில், சேர்மங்களைத் தனித்தனியாகப் பிரித்து அடையாளம் காட்டும் ஜிசி-எம்எஸ் கருவியில் ஏற்றிவிட்டோம்.

ஜூன் 12, வியாழன்

வரைபடத்தைப் பார்த்ததும் மாணவிக்கு முகம் வாடிவிட்டது. எண்ணெயில் இருக்கும் எளிய ஹைட்ரோகார்பன்களான ஆல்கேன்களில் இலேசானவை அநேகமாக இல்லை. ஆவியானது போக, மிச்சத்தைப் பாக்டீரியா தின்றிருக்கும். "191-ஐ மட்டும் பிரிச்சுப் பாரும்மா" என்றேன். 191 நிறை எண் கொண்ட துண்டுகளை மட்டும் காட்டும் வரைபடம் அது. அதில் ஹோப்பேன்கள்! 30 கார்பன் கொண்டது ஓங்கி நிற்கிறது, அதற்கப்புறம் 31 முதல் 35 வரை இரட்டை இரட்டையாகப் பீக். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய பாக்டீரியாக்களின் செல்சவ்விலிருந்து வந்தவை இவை. மாதக்கணக்கில் கடலில் மிதந்தாலும் இவற்றின் விகிதம் லேசில் மாறாது. எண்ணெய்க்கு எண்ணெய் வேறுபடுவதும் இந்த விகிதம்தான். 30-க்குச் சற்று முன்னால் ஒட்டினாற்போல் ஒரு சின்னப் பீக், ஒலியனேன் போலத் தெரிகிறது. பூக்கும் தாவரங்கள் தந்தது அது. வளைகுடா எண்ணெய்களில் பொதுவாக இருக்காது. மறுபடி ஓட்டி உறுதிசெய்ய வேண்டும்.

ஜூன் 16, திங்கள்

ஒலியனேன் உறுதி. "அப்போ யார் கொட்டினாங்கன்னு சொல்லிடலாமா மேடம்?"

அலாஸ்கா கதையைச் சொன்னேன். 1989-இல் எக்ஸான் வால்டெஸ் கப்பல் எண்ணெய் கொட்டிய கடலோரத்தில் எடுத்த தார்த் துண்டுகள் பலவற்றைச் சோதித்தால், அவை கலிபோர்னிய எண்ணெய். 1964 நிலநடுக்கத்தில் உடைந்த தொட்டிகளிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று கண்டார்கள். பக்கத்தில் நிற்கிற கப்பல்மேல் பழிபோட்டுவிட முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க மூல மாதிரி கையில் வேண்டும்.

கப்பலில் நிரப்பும் எரிபொருளின் மாதிரியைக் குறைந்தது 12 மாதம் வைத்திருக்கச் சொல்கிறது, கப்பல்களால் கடல் மாசடைவதைத் தடுக்கும் மார்போல் உடன்படிக்கை. கிணற்று எண்ணெய், டேங்கர் சரக்கு எல்லாவற்றின் மாதிரியும் எங்களைப் போன்ற சின்ன ஆய்வகம் கேட்டாலும் கிடைக்க வேண்டும். விண்ணப்பக் கடிதங்களை மாணவியே எழுதுகிறாள், நாளை தபாலில் சேர்க்கிறோம்.