தொட்டால் தெரிகிறவன்

மார்ச் 4
இன்றும் ஐந்து நிமிஷம்தான் ஐசியு உள்ளே விட்டார்கள். அண்ணன் கை சூடாக இருந்தது.

மார்ச் 5
தூக்கம் வரவில்லை, மறுபடியும் 'தி டெட் ஸோன்' போட்டேன். ஸ்டீபன் கிங்கின் 1979 நாவலை டேவிட் குரோனன்பெர்க் 1983இல் எடுத்த படம். ஜானி ஐந்து வருஷம் கோமாவில் கிடந்து எழுந்திருக்கிறான், காதலித்தவளுக்கு அதற்குள் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்துவிட்டது, அப்புறம் ஒருநாள் நர்ஸின் கையைப் பற்றியதும் அவள் வீடு தீப்பிடித்து மகள் உள்ளே மாட்டிக்கொண்டிருப்பது தெரிகிறது. வேறு யாராவது எடுத்திருந்தால் எரிகிற வீட்டை மட்டும் காட்டியிருப்பார்கள். இங்கே ஜானி அந்த அறைக்குள்ளேயே படுத்திருக்கிறான், அவன் கட்டிலிலும் தீ. நாவலில் ஒருவன் மனசுக்குள் போய்ப் பக்கக் கணக்கில் உட்காரலாம், படத்தில் அது முடியாது, அதனால் அவன் உடம்பையே அங்கே கொண்டுபோய்ப் போட்டுவிட்டார். ஜானியாக நடிக்கும் கிறிஸ்டோபர் வாக்கன் தூக்கிப் போட்டதுபோல் துடிப்பாரே, அதை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

மார்ச் 6
"பார்க்கலாம்" என்கிறார் டாக்டர். நேற்றும் அதேதான் சொன்னார்.

மார்ச் 8
யாராவது அண்ணன் கையைத் தொட்டுப் பார்த்து எழுந்திருப்பானா மாட்டானா என்று சொல்லிவிட்டால் போதும் என்று காலையில் நினைத்தேன். சாயங்காலம் அந்த நினைப்பே பயமாகிவிட்டது. மாட்டான் என்று சொல்லிவிட்டால்? நாவலில் மாணவர்களின் விருந்து நடக்கும் இடத்தில் இடி விழும், படத்தில் அதை உறைந்த ஏரியாக மாற்றிவிட்டார்கள். பனிக்கட்டி உடையப் போகிறது என்று ஜானி கத்துகிறான், அவன் பாடம் சொல்லிக்கொடுக்கும் பையனின் அப்பா கேட்கவில்லை, ஆனால் பையன் பயந்துபோய் வீட்டிலேயே இருந்துவிடுகிறான், போன பையன்களில் சிலர் முழுகிவிடுகிறார்கள். அப்போதுதான் தான் பார்ப்பதை மாற்றவும் முடியும் என்று ஜானிக்கே புரிகிறது. இந்த மாற்றம் எனக்கு மிகவும் பிடிக்கும். மின்னலை யாரால் தடுக்க முடியும்? ஏரிக்குப் போகாமல் ஒரு பையனை நிறுத்த முடியும்.

ஆனால் ஒவ்வொரு தடவை இப்படிப் பார்க்கும்போதும் ஜானியின் உயிரில் கொஞ்சம் போகிறது. நாவலில் கடைசியில் மூளையில் கட்டி என்று வரும். படத்தில் அவன் நடையும் முகமுமே சொல்லிவிடும்.

மார்ச் 9
படம் முழுக்கப் பனி. கனடாவில் ஒண்டாரியோ பக்கம் எடுத்தது. ஐசியு வாசலிலும் அப்படித்தான் குளிர்கிறது, அண்ணிக்குச் சால்வை கொண்டுபோக வேண்டும்.

மார்ச் 11
அரசியல்வாதியாக நடிக்கும் மார்ட்டின் ஷீன் கூட்டத்தில் ஜானிக்குக் கை கொடுப்பதும், அந்த ஆள் பின்னால் ஜனாதிபதியாகி ஏவுகணையை விடப்போவது ஜானிக்குத் தெரிவதும் இவ்வளவு வேகமாகப் போயிருக்க வேண்டாம். நாவலில் அந்த ஆள் எப்படி வளர்கிறான் என்பதற்கே நிறைய இடம் இருக்கிறது. இன்று முழுக்க இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன், வேறெதையும் யோசிக்கப் பிடிக்கவில்லை.

மார்ச் 12
கழுத்தில் துளை போட்டு டியூப் வைக்கக் கையெழுத்து கேட்கிறார்கள். "நீங்களே சொல்லுங்க" என்கிறார் அண்ணி. காலை பத்து மணிக்குள் சொல்ல வேண்டுமாம்.